நெத்திலி நமுத்துப் போவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கடல் உணவு வறுவல் மட்டும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மீன் அல்ல. விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் தட்டில் வைத்து நீட்டும் நெத்திலி, கணவாய், இறால் வகையறா. மசாலா விகிதம் கேட்டுத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறுகளில் முக்கால்வாசி மசாலாவால் வருவதல்ல. ஈரத்தாலும் எண்ணெயின் சூட்டாலும் வருபவை. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். கப் என்றால் 240 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி.

நெத்திலி வறுவல் எடுத்த உடனே மொறுமொறு என்றிருக்கிறது. கால் மணி நேரத்தில் நமுத்து விடுகிறது. கடையில் மட்டும் எப்படி அப்படியே நிற்கிறது?
– வாசகி, கடலூர்

கடையில் இரண்டு தடவை பொரிக்கிறார்கள். அது பாதி விஷயம். மீதி, மாவு போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அரைக் கிலோ நெத்திலிக்குச் சொல்கிறோம். செவுளுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தால் கிள்ளி வயிற்றுப் பக்கமாக இழுத்தால் தலையும் குடலும் சேர்ந்தே வந்துவிடும். கல் உப்புப் போட்டு மெதுவாக உரசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வடிதட்டில் 15 நிமிடம் சாய்த்து வைத்து, பிறகு பழைய பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன் போட்டுப் பிசிறி 20 நிமிடம் வையுங்கள்.

இப்போது பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பாக இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் நிற்கும். உப்பு மீனிலிருந்து இழுத்த நீர் அது. ‘மசாலா வீணாகிறதே’ என்று பெரும்பாலானவர்கள் அதன் மேலேயே மாவைக் கொட்டிப் பிசைந்து விடுகிறார்கள். மாவு கூழாகி மீனில் கெட்டியாக அப்பிக்கொள்ளும். பொரிந்தபின் அந்தக் கூழில் தங்கிய ஈரம்தான் வெளியே வந்து மேல் ஓட்டை நமுக்க வைக்கிறது. அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், சோள மாவு (கார்ன் ஃப்ளோர்) 2 டேபிள்ஸ்பூன் கலந்து, எண்ணெய் காய்ந்த பிறகு தூவிக் குலுக்குங்கள். முன்கூட்டியே தூவி வைக்க வேண்டாம்.

முதல் தடவை 165 டிகிரி சூட்டில் இரண்டு நிமிடம். நிறம் வராமலே எடுத்துவிடலாம். எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் அடுப்பைக் கூட்டி 190 டிகிரியில் முக்கால் நிமிடம். இடையில் ஆறும் நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் மேல் ஓட்டுக்கு வந்து சேர்கிறது. இரண்டாவது சூடு அதை விரட்டிவிடுகிறது. எடுத்த பிறகு டிஷ்யூ பேப்பரில் குவிக்காதீர்கள், ஹாட்பாக்ஸில் போட்டு மூடவே மூடாதீர்கள். கம்பித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் அரை மணிக்கு மேலும் மொறுமொறுப்பு நிற்கும். கறிவேப்பிலையைத் தனியாகப் பொரித்துக் கடைசியில் மேலே போடுங்கள்.

கணவாய் ரிங்ஸ் ரப்பர் மாதிரி இழுக்கிறது. குக்கரில் வேகவைத்துப் பொரித்தும் பார்த்துவிட்டேன், மெத்தென்று ஆனாலும் ருசி போய்விட்டது.
– வாசகர், கோயம்புத்தூர்

கணவாய்க்கு இரண்டே பதம். ஒன்றரை நிமிடத்துக்குள் அடுப்பை விட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் அரை மணி நேரத்துக்குமேல் வேகவிட வேண்டும். சூடு பட்டதும் அதன் தசை இறுகிச் சுருங்குகிறது. தசையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் இளக நெடுநேரம் பிடிக்கும். நடுவில் இருக்கும் ஐந்து முதல் இருபது நிமிடம்தான் ரப்பர். ‘மூடி போட்டு மிதமான தீயில் 10 நிமிடம்’ என்று சொல்லும் குறிப்புகள் நேராக அந்தக் குழியில்தான் கொண்டுபோய் விடும். ரிங்ஸுக்கு முதல் வழியே சரி. குக்கர் வேண்டாம்.

வாங்கும்போது ஊசிக் கணவாயாகக் கேளுங்கள். ஓட்டுக் கணவாய் சதை தடிமனானது, குழம்புக்கும் தொக்குக்கும் நன்று. உடல் ஒரு சாணுக்கு மிகாமல் இருக்கட்டும். சுத்தம் செய்யும்போது ஒரு கையில் உடலையும் மறு கையில் தலையையும் பிடித்து நிதானமாக இழுத்தால் குடல் முழுதாக வெளியே வரும். அதோடு வெள்ளி நிறத்தில் மினுங்கும் சின்னப் பை ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் மைப்பை. வெடுக்கென்று இழுத்தால் உடைந்து எல்லாம் கருப்பாகும். கெட்டது ஒன்றுமில்லை, கழுவினால் போய்விடும். உடலுக்குள் விரலை விட்டால் பிளாஸ்டிக் பட்டை போலக் கண்ணாடி நிறத்தில் ஒரு தண்டு தட்டுப்படும், உருவிவிடுங்கள். செட்டைப் பக்கமிருந்து உரித்தால் ஊதாத் தோல் ஒரே உரிப்பில் வரும். பிறகு உடலைக் கையுறை போல உள்வெளியாகத் திருப்பி, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும் சுரண்டுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது. பொரிக்கும்போது வளையம் சுருங்கி முறுக்கிக்கொள்ள இந்தச் சவ்வும் ஒரு காரணம்.

வளையம் ஒரு சென்டிமீட்டர் அகலம். மெல்லியதாக வெட்டினால் சீக்கிரம் வேகும் என்று நினைக்காதீர்கள். மாவு நிறம் வருவதற்குள் உள்ளே வெந்து முடிந்து இறுகிவிடும். அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன் ஆப்ப சோடா பிசிறி 20 நிமிடம் வைத்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவித் துடைத்தால் நல்ல மிருது கிடைக்கும். கழுவாமல் விட்டால் சோப்பு வாடை அடிக்கும், கவனம்.

மைதா அரைக் கப், சோள மாவு அரைக் கப், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். வளையங்களை அதில் புரட்டி, மாவு சல்லடையில் போட்டுக் குலுக்கி, உதிரும் மாவை உதிர விடுங்கள். எண்ணெய் 185 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஒரு ஈட்டுக்கு எட்டு, பத்து வளையம், ஒன்றேகால் நிமிடம். வெளிர் பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், சிவக்கக் காத்திருந்தால் காரியம் கெடும்.

உறைந்த கணவாயாக இருந்தாலும் தயங்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பல ஊர்களில் அதுதான் கிடைக்கும். கணவாய் மட்டும் ஃப்ரீசரால் மோசமாவதில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் மிருதுவாகிறது. இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் நன்றாகப் பிழிந்து துடைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லை. 165, 185 என்றால் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, சேலம்

மாவை நீர்க்கக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். அடிவரை போய் மெதுவாக மேலே வந்தால் 150–160. பாதி ஆழம் போய் எழும்பினால் 170–180. உள்ளே போகாமல் மேலேயே சிதறி ஓடினால் 190ஐத் தாண்டிவிட்டது. மரக்கரண்டிக் காம்பை விட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனைதான், காம்பைச் சுற்றி விடாமல் குமிழி வந்தால் பொரிக்கலாம்; ஆனால் காம்பில் ஈரம் இருந்தால் ஏமாற்றும்.

சூட்டை விட முக்கியம், போட்டதும் அது எவ்வளவு இறங்குகிறது என்பது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈட்டில் 150, அதிகம் போனால் 200 கிராம். கைநிறைய அள்ளிப் போட்டால் எண்ணெய் 30, 40 டிகிரி விழுந்துவிடும். அது மறுபடி ஏறும்வரை உங்கள் இறால் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம்.

ஒரு கிலோ இறால் வாங்கினால் உரித்ததும் பாதிதான் மிஞ்சுகிறது. பொரித்ததும் அதுவும் சுருண்டு காசு போல ஆகிவிடுகிறது. ஆறு பேர் வந்தால் எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

மீன்காரர் உங்களை ஏமாற்றவில்லை. தலையும் ஓடும் போக ஒரு கிலோவில் 450 முதல் 550 கிராம் சதைதான் நிற்கும். சாப்பாட்டுக்கு முன் கொறிக்க ஆளுக்கு 100 கிராம் சதை என்று வைத்தால் ஆறு பேருக்கு ஒன்றேகால் கிலோ வாங்குங்கள். வளர்ப்பு வன்னாமெய் இறாலைக் ‘கவுண்ட்’ சொல்லி விற்பார்கள். 40 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 40 உருப்படி. வறுவலுக்கு 40–50 கவுண்ட் போதும். பெரிய 20, 30 கவுண்டுக்குப் பணம் கொடுத்து மாவில் மூடுவது வீண் செலவு; அது தவாவுக்கும் தந்தூரிக்கும் உரியது.

சுருள்வதற்குக் காரணம் வயிற்றுப் பக்கத் தசை. அந்தப் பக்கம் நான்கு இடத்தில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கே கீறி, இறாலைக் குப்புறப் போட்டு முதுகை விரலால் அழுத்துங்கள். உள்ளே மெல்ல ‘டப்’ என்று நார் விடுவது கையில் தெரியும். அப்புறம் நீளமாகவே நிற்கும். குடல் எடுக்க முதுகைக் கீறும்போது ஆழமாகப் போகாதீர்கள், பொரிக்கையில் புத்தகம் போல விரிந்துவிடும்.

நேரம்: 40–50 கவுண்டுக்கு 180 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். கீறாத இறால் அரைவட்டமாக வளைந்தால் பதம். வாலும் தலையும் முட்டி முழுவட்டமானால் தாண்டிவிட்டது.

முந்தைய இரவே எலுமிச்சை பிழிந்து ஊற வைத்தால் மசாலா நன்றாக இறங்கும்தானே?
– வாசகி, பெங்களூரு

ஆட்டுக்கறிக்கு எப்படியோ, இறாலுக்கும் மீனுக்கும் கூடாது. எலுமிச்சைப் புளிப்பு சதையைத் தீயில்லாமலே ‘வேக’ வைக்கும். காலையில் மேற்புறம் வெளுத்து, பொரித்தால் மாவுத்தன்மையாகப் பொடியும். 15–20 நிமிடம் போதும். முந்தைய நாளே வேலையை முடிக்க வேண்டுமென்றால் மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்புத்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய் மட்டும் பிசிறி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பும் எலுமிச்சையும் பொரிக்கும் முன் சேருங்கள்.

மசாலா முழுவதும் எண்ணெயில் கழன்றுவிடுகிறது. கடைசியில் வெள்ளை மீன்தான் கிடைக்கிறது. எண்ணெயும் கருத்துவிடுகிறது.
– வாசகர், மதுரை

உங்கள் கடிதத்தில் அளவும் எழுதியிருக்கிறீர்கள்: அரைக் கிலோ மீனுக்கு நான்கு டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள், தனியாத்தூள், இரண்டு ஸ்பூன் கரம் மசாலா, மாவே இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தூளுக்குத் தானாக ஒட்டும் குணம் கிடையாது. அரைக் கிலோ முள்ளில்லாத மீனுக்கு மிளகாய்த்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், மற்றத் தூள்களெல்லாம் சேர்ந்து இரண்டு டீஸ்பூன் போதும். சோள மாவு 2 டேபிள்ஸ்பூன், அரிசி மாவு ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சேருங்கள். முட்டை ஆகாதென்றால் மைதா ஒரு டேபிள்ஸ்பூனைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றலாம். கடலை மாவு போட்டால் ஒட்டும், ஆனால் பஜ்ஜி வாசனை வந்துவிடும்.

பிசிறிய பிறகு பத்து நிமிடம் விடுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சிப் பசையாகும். எண்ணெயில் போட்டதும் முதல் 40 விநாடி கரண்டியை வைக்காதீர்கள். ஓடு இறுகுவதற்குள் கிளறுவதுதான் உரிந்து போவதற்கு இரண்டாவது காரணம். இஞ்சி பூண்டை நைசாக அரையுங்கள், ஒன்றிரண்டாக இருந்தால் துண்டுகள் உதிர்ந்து கருகிக் கசக்கும். ஒவ்வொரு ஈட்டுக்குப் பின்னும் சின்னக் கம்பி வடிகட்டியால் எண்ணெயை ஒரு தடவை அரித்துவிட்டால் கடைசி ஈடும் முதல் ஈட்டின் நிறத்தில் வரும்.

ஓட்டல் சிவப்பு வீட்டில் வரவில்லை. கலர் சேர்க்கலாமா?
– வாசகி, வேலூர்

வேண்டாம். கர்நாடக அரசு 2024 ஜூனில் மீன், கோழி கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடையே செய்தது. காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு பங்கு, ஊர் மிளகாய்த்தூள் ஒரு பங்கு. அந்தத் தூளை ஒரு ஸ்பூன் எண்ணெயில் குழைத்துப் பிசிறினால் நிறம் இன்னும் எடுக்கும். பீட்ரூட் தூள் எண்ணெய்ச் சூட்டில் பழுப்பாகிவிடும், பயனில்லை.

எங்கட வீட்டில இறால் வடை போட்டால் இறால் கழண்டு எண்ணெய்க்குள்ள போகுது. காலிமுகத்திடல் (கொழும்புக் கடற்கரை) வடை மாதிரி ஒட்டி நிற்க என்ன செய்ய வேணும்?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

முதலில் பையைப் பாருங்கள். அங்கே கடைகளில் கிடைக்கும் இளஞ்சிவப்பு இறால் ஏற்கனவே வெந்தது. அது வடையில் ஒட்டவே ஒட்டாது, இறுகியும் போகும். ஓட்டோடு இருக்கும் பச்சை இறாலில் சின்னதாக, கிலோவுக்கு 80 அளவில் வாங்குங்கள். ஓட்டை உரிக்க வேண்டாம். சூடு பட்டால் இறால் சுருங்கும், பருப்பு சுருங்காது. அந்த இழுப்பில்தான் கழன்று வருகிறது. ஓடு இருந்தால் சுருக்கம் குறைவு, கடிக்கவும் மொறுமொறுப்பு. மீசை, கால், தலைநுனி முள் மூன்றையும் கத்தரியால் நறுக்கி, உப்பு மஞ்சள் தடவி, நன்றாகத் துடைத்து வையுங்கள்.

கடலைப்பருப்பு 250 கிராம், இரண்டு மணி நேரம்தான் ஊற வேண்டும். நான்கு, ஐந்து மணி ஊறினால் வடை எண்ணெய் குடிக்கும். அரை மணி வடியவிட்டு, ஒரு பிடி முழுப்பருப்பைத் தனியே எடுத்து வைத்து, மற்றதைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்து உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் வெங்காயம் நீர்விடும். இந்தக் கலவையில் இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்து நைசாக மறுபடி அரைத்து, ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துப் பசையாக்குங்கள். 7 சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தட்டி, நடுவில் அந்தப் பசையைத் தடவி, மூன்று இறாலைப் பாதி புதையும்படி அழுத்துங்கள். மேலே வைத்தால் போதாது, அழுத்த வேண்டும்.

170 டிகிரியில் இறால் பக்கம் மேலே இருக்கும்படி விட்டு, கரண்டியால் காய்ந்த எண்ணெயை அள்ளி இறால் மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒன்றரை நிமிடம் கழித்துத் திருப்பினால் கழராது. மொத்தம் நான்கு நிமிடம்.

மீன் ஃபிங்கர் எந்த மீனில் செய்யலாம்? பிள்ளைகளுக்கு முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்க முடியுமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

கொடுவா முதல் சாய்ஸ். பாறை, சீலா, வஞ்சிரம் எல்லாம் சரி. பாசா மலிவு, முள் இல்லை, ஆனால் தண்ணீர் மிக அதிகம். துணியில் சுற்றி மேலே தட்டு வைத்து அரை மணி அழுத்தி எடுக்காவிட்டால் உறை ஊதிக் கழன்றுவிடும். 7 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். உப்பு, மிளகு மட்டும் போட்டுப் பத்து நிமிடம்.

மைதா, அடித்த முட்டை, ரொட்டித் தூள் என்ற வரிசை மாறக்கூடாது. ஈர மீனில் முட்டை வழுக்கும், மைதா இருந்தால் பிடிக்கும். ஒரு கை முட்டைக்கு, மறு கை தூளுக்கு என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் கடைசியில் உங்கள் விரல்களைத்தான் பொரிக்க வேண்டியிருக்கும். நம் பேக்கரி ரொட்டியில் சர்க்கரை தூக்கல். ரஸ்க்கில் அதைவிட அதிகம். அதனால் தூள் சீக்கிரம் கருக்கும், உள்ளே மீன் வெந்திருக்காது. இனிப்பில்லாத ரொட்டியை ஒரு நாள் காயவிட்டுத் தூளாக்கி, 170 டிகிரியில் மூன்று நிமிடம் பொரியுங்கள். பொரிக்கும் முன் 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் இருந்தால் தூள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சேமிக்க: பொரிக்காமல் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி மூன்று மணி நேரம் உறைய விட்டு, பிறகு பையில் மாற்றுங்கள். ஒரு மாதம் வைக்கலாம். உறைந்தபடியே 165 டிகிரியில் ஐந்து நிமிடம். உருக விட்டால் உறை சொதசொதத்துப் போகும். ஒரே ஒரு நிபந்தனை: கடையில் ஒரு தடவை உறைந்து உருகிய மீனை வீட்டில் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

ஏர் ஃப்ரையரில் இதெல்லாம் வருமா?
– வாசகர், ஓசூர்

கரைத்த மாவு வராது, சொட்டி ஒழுகிவிடும். கணவாய் வராது, சூடு மெதுவாக ஏறுவதால் நிறம் வருவதற்குள் ரப்பராகிவிடும். மீன் ஃபிங்கர் நன்றாக வரும்: ரொட்டித் தூளை இரண்டு ஸ்பூன் எண்ணெயில் முன்பே வறுத்துவைத்துப் புரட்டுங்கள், 200 டிகிரி, 9–10 நிமிடம், நடுவில் ஒரு திருப்பு. நெத்திலி சுமாராக வரும். கருவாட்டுக்கும் வறுவலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

மீன் சினை பொரிக்கும்போது பட்டாசு போல வெடிக்கிறது. மூடி போட்டால் சரியாகுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

சினைப் பைக்குள் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் வெடிக்கிறது. தட்டு மூடி போட்டால் ஆவி தண்ணீராகி எண்ணெயில் சொட்டி இன்னும் மோசமாகும். சினையை ஊசியால் பத்து இடத்தில் குத்தி, ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் ஒன்றரை சென்டிமீட்டர் வில்லையாக வெட்டி மசாலா தடவித் தவாவில் பொரியுங்கள். கணவாயின் கால்களும் இப்படித் தெறிக்கும்; நறுக்கி நன்றாகத் துடையுங்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கம்பி வலை மூடி. எண்ணெய் தீப்பிடித்தால் கேஸை அணைத்துத் தட்டால் மூடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது.

பொரித்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்?
– பலர்

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல், எண்ணெயில் ‘போலார் சேர்மங்கள்’ (சூட்டில் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. குமிழி அடங்காமல் நுரையாக நிற்பது, கரண்டியில் பிசுக்கு, வழக்கமான தீயிலேயே புகை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும், அதோடு சரி. மீன் பொரித்த எண்ணெயை ஆறவிட்டுத் துணியில் வடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் இன்னொரு தடவை மீனுக்கே பயன்படுத்தலாம். மசாலா உதிர்ந்து கருத்த எண்ணெய்க்கு அந்த இரண்டாவது தடவையும் கிடையாது. புது எண்ணெயோடு கலக்காதீர்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சூரை மீன் வறுவல் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. இதற்கு முன் பல தடவை சாப்பிட்டும் ஒன்றும் ஆனதில்லை. சரியாகப் பொரியவில்லையா?
– வாசகர், தூத்துக்குடி

பொரித்ததில் குற்றம் இல்லை. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் பாக்டீரியா சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். ஒவ்வாமை போலவே முகச் சிவப்பும் அரிப்பும் தரும் வேதிப்பொருள் அது. எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு கடித்தது போலச் சுள்ளென்றிருந்தால் துப்பிவிடுங்கள். ஐஸில் இருந்த மீனா என்று பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இது ஹிஸ்டமினா ஒவ்வாமையா என்பதை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வது நல்லது. மூச்சுத் திணறல், தொண்டை வீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை: பொரிப்பதால் அது போகாது, இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கே சிலருக்குப் போதும்.

பத்துப் பேர் வருகிறார்கள். நெத்திலி, கணவாய், மீன் ஃபிங்கர், இறால் மசாலா வறுவல் நான்கும் வைக்க ஆசை. ஒரே அடுப்பு, ஒரே வாணலி. எந்த வரிசையில் போடுவது?
– வாசகி, புதுச்சேரி

நான்கு வேண்டாம், மூன்றோடு நிறுத்துங்கள். மீன் ஃபிங்கரை எடுத்துவிடலாம், அதற்கு மட்டும் வேறு சூடு, தூளும் உதிரும்.

மதியமே நெத்திலியை முதல் தடவை பொரித்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு முதலில் கணவாய்: அதற்குச் சுத்தமான எண்ணெய் வேண்டும், ஆறினால் நன்றாகவும் இராது, அதனால் எடுக்க எடுக்க அனுப்பிவிட வேண்டும். அடுத்து அதே சூட்டில் நெத்திலியின் இரண்டாவது சுற்று. ஃப்ரிட்ஜிலிருந்து வருவதால் முக்கால் நிமிடம் போதாது, ஒன்றரை நிமிடம் கொடுங்கள். ஈரமசாலா பூசிய இறால் எண்ணெயைக் கலக்கிவிடும் என்பதால் கடைசி. அளவு: கணவாய் சுத்தம் செய்வதற்கு முன் ஒரு கிலோ, நெத்திலி ஒரு கிலோ, உரித்த இறால் அரைக் கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், கடலை எண்ணெயோ ரீஃபைண்ட் சூரியகாந்தியோ எதுவானாலும். எலுமிச்சையைத் துண்டாகத் தட்டு ஓரத்தில் வையுங்கள், மேலே பிழிந்து அனுப்பாதீர்கள்.